கிருமியம்மா வீட்டுத் துணைமுறை

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமும் இருந்து, நடுவில் காற்றைத் தவிர வேறெதையும் யாரும் பெரிதாகச் சொந்தம் கொண்டாட முடியாத கோரைத்துறையில், கிருமியம்மா ரெண்டு பேரானது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சாளை மீன் வலையில் பட்டுக் கரையெல்லாம் ஒரே இரைச்சலாகக் கிடந்த மாதத்தில், நான் என் கடையில் ரெண்டாவது ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான். ஆவி முகத்தில் அடித்து விலகியதும் பார்க்கிறேன், வாசலில் அந்தம்மா நிற்கிறார், அவருக்குப் பக்கத்தில் அந்தம்மாவே நிற்கிறார். அதே மஞ்சள் பூப்போட்ட சேலை, அதே கலைந்த கொண்டை, இடது கால் செருப்பில் வார் அறுந்த இடத்தில் அதே ஊக்கு.

"எத்தன இட்லி?" என்றேன்.

"எட்டு."

"எப்பவும் நாலுதான வாங்குவீங்க?"

"இன்னைக்கி ரெண்டு பேரு இருக்கோம்க்கா" என்றார் ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளியைக் கூட்டி வந்துவிட்டவர் மாதிரி கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு.

ரெண்டு பேருக்கு எட்டு, சரியாகத்தான் இருந்தது. சாம்பாரைக் கூட ரெண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. சாளை படுகிற மாதத்தில் நின்று வேடிக்கை பார்க்க எனக்கு எங்கே நேரம்?

அந்தம்மாவின் நிஜப் பெயர் அமுதவல்லி. தருமபுரிப் பக்கம் கடலே தெரியாத ஊரில் பிறந்து, கடல் தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ண எங்கள் ஊருக்கு வந்து, மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரியின் மாடியை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். டாக்டர் என்ற பலகையைப் பார்த்ததும் ஊரே வரிசை கட்டிப் போனது. என் வீட்டுக்காரர் கபிரியேல் முதுகில் இருந்த கட்டியைக் காட்டச் சட்டையைக்கூடக் கழற்றிவிட்டார். "நான் அந்த டாக்டர் இல்லீங்க, கிருமி டாக்டர்" என்று சொல்லிச் சொல்லி அந்தம்மாவுக்குத் தொண்டை வற்றிப்போனது. பட்டப்பெயர் இல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது, பங்குச் சாமியாருக்கே உண்டு. அன்றைக்கே அவர் கிருமியம்மா ஆகிவிட்டார்.

விடிந்தும் விடியாமலும் அந்தம்மா கபிரியேலின் வள்ளத்தில் ஏறி, கடலுக்கடியில் பாறை கிடக்கிற பார் தாண்டிப் போவார், கயிற்றில் குப்பியைக் கட்டி ஆழத்துக்கு விடுவார், தண்ணீரை எடுத்து வந்து மாடியில் வைத்து வடிகட்டுவார். எங்கள் பெண்கள் முங்கி எடுக்கிற கடல்பாசி இருக்கிறதே, அதைக் காய்ச்சிக் கட்டியாக்கின கூழைச் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, அதில் ஒரு சொட்டு விட்டு மூடி வைப்பார். ஒரு கரண்டிக் கடல் தண்ணீரில் தூத்துக்குடி ஜனத்தைவிட அதிகமான கிருமிகள் இருக்குமாம். ஆனால் தட்டில் வைத்தால் முக்கால்வாசி வளராதாம். அதிலும் ஒரு கிருமியை உலகத்தில் இதுவரை ஒருத்தரும் வளர்த்துக் காட்டியதில்லை, அதை வளர்த்துவிடத்தான் அந்தம்மா வருஷக்கணக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தார்.

"தனியா வச்சா செத்துருதுக்கா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "சாப்பாடு இருக்கு, சூடு இருக்கு, எல்லாம் இருக்கு. பக்கத்துல வேற இனக் கிருமி இருந்து எதையோ கசியவிடணும், அப்பதான் இது உயிரோட இருக்கும். அந்த எதையோ எதுன்னுதான் தெரியல."

"அப்ப அது எங்க ஊருக் கிருமிதான்" என்றேன். அந்தம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டே கீழே விழப் பார்த்தது.

நான் சும்மா சொல்லவில்லை. கோரைத்துறையில் யாரும் இரவுச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடக் கூடாது. கடலுக்குப் போகிறவன் எல்லாம் திரும்பி வருவான் என்று எழுதியா கொடுத்திருக்கிறது? அதனால் ஒற்றை ஆள் இருக்கிற வீட்டுக்கு அந்தி மணி அடித்ததும் முறை வைத்து ஒரு ஆள் தன் சோற்றுத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, ஏதாவது பேசி, கை காய்ந்த பிறகு எழுந்து வர வேண்டும். இதற்குத் துணைமுறை என்று பெயர். தானதர்மம் கிடையாது, ஆறுதல் சொல்கிற வேலையும் கிடையாது. மருமகளைத் திட்டலாம், மீன் விலையைத் திட்டலாம், என்ன வேண்டுமானாலும் பேசலாம், பேசாமல் மட்டும் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் தொம்மை, கோவில் படியில் நின்று, இந்த வாரம் யார் வீட்டுக்கு யார் முறை என்று சத்தமாகச் சொல்வார். சங்கு குளித்துச் சங்கு குளித்துக் காது பாதி மந்தமாகி, பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்ட சந்தியாகுப் பெரியப்பாவுக்குத்தான் எத்தனையோ வருஷமாக முறை நடந்துகொண்டிருந்தது.

கிருமியம்மா வந்த மாதமே உபதேசியார் மாடியேறிப் போய் விசாரித்தார். அம்மா அப்பா? இல்லை. கூடப்பிறந்தவர்கள்? வெளிநாட்டில் ஒரு அண்ணன், பொங்கலுக்குப் போன் பண்ணுவான். கல்யாணம்? ஆகவில்லை. "யாருமே இல்லையாம்மா?" என்று உபதேசியார் கேட்டதற்கு, "வேலை இருக்குங்க" என்று சொன்னாராம் அந்தம்மா. வேலை எதிரே உட்கார்ந்து சாப்பிடுமா? அந்த ஞாயிறே அவர் வீடு முறையில் சேர்ந்துவிட்டது.

முதலில் அந்தம்மா பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. யாராவது தட்டோடு ஏறி வந்து ஆட்டுக்குட்டி காணாமல் போன கதையைச் சொன்னால், கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மரியாதைக்காகத் தலையாட்டுவதுமாக இருப்பார். பிறகு ஆட்டுக்குட்டி கிடைத்ததா என்று மறுநாள் என் கடையில் விசாரித்தார். அதற்குப் பிறகு அந்தி சாய்கிற நேரத்துக்கு முன்பே மாடியைக் கூட்டிப் பாய் விரித்து வைத்துவிட்டு, யார் வருகிறார்கள் என்று படியை எட்டி எட்டிப் பார்க்கிற ஆளாகிவிட்டார்.

"பகல்ல எது நடந்தாலும், இத இன்னைக்கிச் சாயங்காலம் சொல்லணும்னு மனசு துள்ளுதுக்கா" என்றார் என்னிடம். "எனக்கு இதுக்கு முன்னாடி அப்படி இருந்ததே இல்ல."  படித்த பெண், நாற்பதைத் தாண்டியவர், தன் கதையைக் கேட்க ஒரு ஆள் இருப்பதை ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி சொல்கிறார்.

சரி, அப்படி இருந்தவர் ஏன் ரெண்டானார் என்று கேட்காதீர்கள், ஊரில் யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் ஒருமுறை கேட்டேன். "தூங்கி எழுந்தோம், கட்டில் பத்தல" என்றார்கள். கிருமிகள் எல்லாம் அப்படித்தானாம், கொஞ்சம் நீளுமாம், இடுப்பில் ஒடுங்குமாம், ரெண்டாகிவிடுமாம், அதில் தாய் எது பிள்ளை எது என்று பார்க்கிற வழக்கமே இல்லையாம். இவ்வளவு காலம் கிருமியோடு பழகினவருக்கு அந்த வழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆட்டுக்காரன் மேல் ஆட்டு வாடை வீசுவதில்லையா?

எல்லாம் ரெண்டாகியிருந்தது, மூக்குக் கண்ணாடி மட்டும் ரெண்டாகவில்லை. அதனால் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மாடியில் தட்டுகளைப் பார்த்தால், மற்றவர் கண்ணாடி இல்லாமல் கையால் தடவித் தடவிக் கருவாடு வாங்கக் கடைத்தெருவுக்கு வருவார், மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். யார் முதல் ஆள் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டிப் பார்த்து அலுத்துப்போனார்கள். பங்குச் சாமியார் இது பாவத்தில் சேருமா என்று ராத்திரியும் பகலும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இதைத் தடுத்து ஒரு வரியும் இல்லை என்று சொல்லிவிட்டார். ரேஷன் கடை மெஷின் ரெண்டு பேர் கட்டைவிரலுக்கும் ஒரே கார்டைத் திறந்துகொடுத்து, சீனியை ஒருமுறைதான் போட்டது. கபிரியேலுக்குத்தான் கொண்டாட்டம். முன்னால் அணியத்தில் ஒருவர், பின்னால் கடைசியில் ஒருவர் என்று உட்கார்ந்தால் வள்ளம் சாயாமல் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"எனக்கு மட்டும் இப்படி ஆயிருந்தா" என்றார் சந்தியாகுப் பெரியப்பா, "ஒருத்தன முங்க அனுப்பிட்டு ஒருத்தன் படுத்துக் கெடப்பேன். குடுத்து வச்ச மகராசி."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உபதேசியார் படியில் நின்று தொண்டையைச் செருமினார். "ஐஸ் பேக்டரி மாடி வீட்டுக்கு இனிமே ஆண்டவர் கிருபையில துணைக்கு ஆள் இருக்கு. அதனால அந்த வீட்டுக்கு முறை முடிஞ்சது. இனி அந்த வீடும் மத்த வீடு மாதிரி சந்தியாகு வீட்டுக்கு முறை போகும்" என்று அறிவித்தார். ஜனம் கையைத் தட்டியது. நானும்தான் தட்டினேன். யாரோ பூந்தி வாங்கி வந்து ரெண்டு பேர் வாயிலும் போட்டார்கள். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். ஒற்றை ஆள் வீடு ஒன்று ஊரில் குறைந்தால் அது எங்களுக்குப் பண்டிகைதான், அதற்கு மேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. ஒருவர் கொண்டையை ஒருவர் முடிந்துவிட்டுக்கொண்டார்கள், முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். என் கொல்லையில் நின்றால் அவர்கள் மாடி ஜன்னல் தெரியும். அதற்குப் பிறகு பார்த்தால், அந்தி மணி அடித்ததும் பாயை விரித்து எதிரெதிரே உட்கார்வார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பார், மற்றவர் தலையை ஆட்டிவிடுவார், திறந்த வாயில் சோற்றை வைத்துக்கொள்வார். பிறகு திறக்கிறதையும் விட்டுவிட்டார்கள். தட்டில் விரல் உரசுகிற சத்தம் மட்டும்தான் அங்கே இருந்திருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது, அந்த எரிச்சலுக்கு அடியில் பயமாகவும் இருந்தது.

ஒருநாள் கண்ணாடி போடாதவர் கடைக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்ட போட ரெண்டு பேரு வேணுமேக்கா" என்றார். "அவ என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லப் போறேன்னு அவளுக்குத் தெரியும். சாப்டியான்னுகூடக் கேக்க முடியல, அவளுக்கு எப்பப் பசிக்கும்னு எனக்கே தெரியுது. பகல்ல ஆளுக்கு ஒரு பக்கம் போய்ப் பாத்தோம். நான் உப்பளத்துக்குப் போனேன், அவ ஏலம் பாக்கப் போனா. வந்து சொன்னா, அதப் பாத்து நான் என்ன நெனச்சிருப்பேனோ அதத்தான் அவளும் நெனச்சிருக்கா." டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னார். "தட்டுல ஒரே கிருமி கோடியாப் பெருகும்க்கா. கோடி இருந்தாலும் அது தனிதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே உபதேசியார் வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்கு மறுபடி முறை வையும் என்றேன். அவர் பல் குத்திக்கொண்டே, "ரெண்டு பேரு இருக்கிற வீட்டுக்கு எப்படி முறை வைக்கிறது பிரகாசி? நாளைக்கி ஒம் புருசன் ஒங்கிட்டப் பேசலன்னா ஒன் வீட்டுக்கும் முறை கேப்பியா?" என்றார். கபிரியேல் சாப்பிடும்போது பேசுகிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதற்கு மேல் நான் என்ன வாயைக் கொடுப்பது?

ஆனாலும் ஒரு வழி இருந்தது, சந்தியாகுப் பெரியப்பா வீட்டு முறை. அது வரும் நாளுக்காக ரெண்டு பேரும் காத்துக் கிடந்தார்கள். முதல் தடவை ஒருவர் போய், கடலுக்கடியில் சங்கு ஒன்று பெரியப்பாவின் கையைக் கவ்விப் பிடித்துக்கொண்ட கதையைக் கேட்டு ஓடோடி வந்து மூச்சிரைக்கச் சொன்னார், மற்றவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அன்றைக்கு அந்த மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த முறைக்கு மற்றவர் போனார். பெரியப்பா அதே சங்கை அதே கையைக் கவ்வவிட்டார். அந்த மனுஷனிடம் இருந்தது அந்த ஒரே கதைதான்.

ஒருவர் முறைக்குப் போகும் நாளில் மற்றவர் மாடியில் தனியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இன்றைக்கு மட்டும் இது ஒற்றை ஆள் வீடுதானே என்று ஊர்க்கமிட்டியில் ஒருத்தர் கிளப்பினார். தலையைச் சொறிந்து சொறிந்து விவாதித்து, வெளியே போன ஆள் திரும்பி வரும் என்பதால் செல்லாது என்று முடித்துவிட்டார்கள். அந்தம்மா ரெண்டு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். திரும்பி வரும் என்பதால் செல்லாது என்ற சொல் ரெண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து விடியற்காலம் கண்ணாடி போடாதவர் கடைக்கு வந்தார், கையில் ஒரு பை. மூக்குக் கண்ணாடி வாங்க டவுனுக்குப் போவதாக மாடியில் சொல்லிவிட்டு வந்தாராம். பஸ் வருகிற வரைக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் வந்து நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் திரும்பி வரமாட்டேன்க்கா. மலைமேல ஒரு காலேஜுல வேல சொல்லி வச்சிருக்கேன். இனிமே அவ ஒத்த ஆளு. இன்னைக்கிச் சாயங்காலமே அவளுக்கு முறை ஆரம்பிச்சிரச் சொல்லுங்க. நான் இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவகிட்ட எதுவும் சொல்லிராதீங்க. நானும் போன் பண்ண மாட்டேன். குரலக் கேட்டா ஓடி வந்துருவேன்."

"அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்பதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பை அப்படியே போட்டுவிட்டு உபதேசியாரிடம் ஓடினேன். அவர் அன்றைய முறையை எனக்கே கொடுத்தார்.

அந்தி மணி அடித்தது. வாளை மீன் குழம்பு, கூட ஒரு பொரித்த துண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு ஐஸ் பேக்டரிப் படியில் ஏறுகிறேன், எனக்கு முன்னால் சந்தியாகுப் பெரியப்பா கையில் தட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருக்கிறார். வீட்டை விட்டு அசையாத மனுஷன்!

"நீரு எங்க வாரீரு?"

"கிருமியம்மாவுக்குத் துணைக்கு" என்றார். "காலையில கண்ணாடிக்காரி எங்கிட்ட வந்தா. தண்ணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு ஒம் புருசன் வள்ளத்துல தொறமுகத்துக்குப் போறாளாம். அங்கேருந்து பனிக்கடல் போற ஆராய்ச்சிக் கப்பலாம். இனிமே மத்தவ ஒத்த ஆளு, நான் இருந்தா அவளுக்கு யாரும் வரமாட்டாங்க, நீங்க பாத்துக்கோங்கன்னு அழுதா. அதான் நானே மொத ஆளா..."

கபிரியேல் இன்னும் கரை திரும்பவில்லை, எனக்கு இது எப்படித் தெரியும்? கதவைத் தள்ளினேன். பாய் சுருட்டி வைத்திருந்தது. டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒருத்தியும் இல்லை. ஒரே மனசுக்காரிகள் ரெண்டு பேரும் ஒரே நல்ல காரியத்தை ஒரே காலையில் செய்துவிட்டு, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஒருத்தி இப்போது ரயிலில் உட்கார்ந்து, அவளுக்கு இந்நேரம் யாராவது தட்டோடு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி கப்பலில் நின்று அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"பாவி மக்கா!" என்று கத்திவிட்டேன். பெரியப்பாவுக்குக் காது மந்தம், அப்படியும் திடுக்கிட்டார். பிறகு நாங்கள் பாயை விரித்து உட்கார்ந்தோம். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோமே, சாப்பிடாமல் எப்படித் திரும்புவது? அவர் சங்குக் கதையைச் சொன்னார். நான் அழுதுகொண்டே கேட்டேன்.

ஊர்க்கமிட்டி கூடியது. ஒற்றை ஆள் இருக்கிற வீட்டுக்கே முறை உண்டென்றால், ஒரு ஆளும் இல்லாத வீட்டுக்கு இல்லாமல் போகுமா என்று பெரியப்பா எழுந்து கேட்டார்.  உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை சத்தமாக அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தி மணி அடித்ததும் யாராவது ஒருத்தர் தட்டோடு அந்த மாடியில் ஏறிப்போய், காலியான பாய்க்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, கை காய்ந்ததும் இறங்கி வந்தார்கள். மருமகள்கள் மாமியார்களைத் திட்டினார்கள், ஆண்கள் வீட்டில் வாயே திறக்காத விஷயத்தையெல்லாம் அங்கே போய்ச் சொன்னார்கள். கபிரியேல் தன் முறைக்குப் போனால் நேரம் கழித்துத்தான் இறங்கி வருவார். அப்படி என்ன சொன்னீர் என்று நான் கேட்டதில்லை. மழைக்காலம் வந்தது, போனது. ஒரு நாளும் முறை தவறவில்லை.

போன் அடித்தது ஒரு நாள் நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது. மலைக் காலேஜ்காரி. "சும்மாதான்க்கா. ஒரே ஒரு தடவ. அவ எப்படி இருக்கா? முறைக்கி ஆள் வாராங்களா?"

சரியாகத்தான் பேச வேண்டும் என்று நினைத்தேன், சத்தியமாக. ஆனால் இவ்வளவு நாள் அடக்கி வைத்தது, மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "ஏட்டி, கூறு கெட்டவளே! இங்க ஒருத்தியும் இல்லட்டி! நீ போன அன்னைக்கே அவளும் போயிட்டா! ஊரே காலி வீட்டுக்கு முன்னால ஒக்காந்து சோறு திங்கிதுட்டி! கெளம்பி வா!"

 அந்தப் பக்கம் விசும்பல். ரெண்டு நாளில் பஸ்ஸை விட்டு இறங்கினாள், மூக்கில் புதுக் கண்ணாடி, மலைக்குளிரில் உதடெல்லாம் வெடித்து, காலில் அட்டை கடித்த வடு இருந்தது. ஏட்டி என்று சொன்ன வாய் பிறகு அம்மா என்று திரும்பவில்லை, அவளும் அதைத்தான் விரும்பினாள். இப்போது உண்மையிலேயே ஒற்றை ஆள் வீடு. முறை நடந்தது. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது சோற்றில் கை நின்றுவிடும், கடல் பக்கம் பார்ப்பாள். "அவ அங்க என்னைய நெனச்சி நிம்மதியா இருப்பா. அவளுக்குத்தான் அங்க யாருமில்ல" என்பாள்.  கப்பல்காரிக்கு உண்மை தெரிந்தால் அவளும் ஓடி வருவாள். வந்தால் ரெண்டு ஆள் வீடு. உபதேசியார் மறுபடி தொண்டையைச் செருமுவார். ஒருத்திக்கு ஊர் வேண்டுமென்றால் மற்றவள் தொலைந்தவளாகவே இருக்க வேண்டும், அப்படி ஆகிப்போனது கணக்கு.

நேற்று முன்தினம் என் முறை. நெத்திலி அவியல், எதிரே அவள். என் மடியில் போன் அடித்தது. எங்கோ தூரத்து நீளமான நம்பர்.

"அக்கா, கப்பல்லேருந்து பேசறேன். ரொம்ப நேரம் பேச முடியாது. இன்னைக்கி அவளுக்கு யாரு முறை?"

"எம்முறதான்" என்றேன். 

"சிரிக்கிறாளா?"

நான் எதிரே பார்த்தேன். குரல் வெளியே கேட்டுவிட்டிருந்தது. அவள் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையை என் முன்னால் நீட்டினாள். கொடுக்கவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்தால் மட்டும் என்ன, அவர்களுக்குள் பேச ஒன்றுமில்லை என்பதுதானே மொத்தச் சங்கடமும். ஆனால் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

காதில் வைத்தாள். இந்தப் பக்கமும் பேச்சில்லை, அந்தப் பக்கமும் பேச்சில்லை. நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அப்போது அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அங்க என்ன சத்தம் அது?" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ பதில் வந்தது. "ஐஸ்கட்டியா? கப்பல்லயா ஒரசுது? எவ்வளவு பெரிசு?" என்றாள். மறுபடி கேட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் விரிந்துகொண்டே போனது. சந்தியாகுப் பெரியப்பாவின் சங்குக் கதையை முதல் தடவை கேட்டபோது இருந்த அதே கண். "நெசமாவா? நீ பயந்தியா? நானா இருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டாள். அவளாக இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பனிக்கடலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? மலையில் அட்டை கடித்ததைப் பற்றி அந்தப் பக்கத்துக்காரிக்குத்தான் என்ன தெரியும்?

"அப்புறம்?" என்றாள் போனில்.

அந்த "அப்புறம்"தான் எத்தனை மாதமாக அந்த மாடியில் இல்லாமலிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நெத்திலியின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். "அப்புறம்?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், சோறு ஆறியது, கை காய்ந்தது, என் முறை எப்போதோ முடிந்துவிட்டது. போன் என்னுடையது, அதனால் உட்கார்ந்திருந்தேன்.